ஷீட்டு மேல் போட்ட பல்

மூன்றாவது நாளாக, சரியாக மதியம் மூன்று மணிக்கு அந்தச் சத்தம் வந்தது.

நசரத்பேட்டையில் அவர்கள் குடியிருந்த வீட்டின் பின்னறைக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அதன் மேல் எலி ஓடினால் எப்படிக் கேட்கும், பூனை குதித்தால் எப்படிக் கேட்கும் என்பதெல்லாம் ஜெயப்பிரியாவுக்கு அத்துப்படி. இது இரண்டும் இல்லை. ஐப்பசி மழை விடாமல் அடித்துக்கொண்டிருக்க, அந்த இரைச்சலுக்கு அடியில் மெல்லிய நகங்கள் நாலடி வைத்து நின்றன, எதையோ மோப்பம் பிடித்தன, மறுபடி நாலடி வைத்தன, கட்டிலில் ஆறு வயது மகள் லாவண்யா தூங்கிய இடத்துக்கு நேர் மேலே வந்ததும் நின்றுவிட்டன. கூடவே ஈரக் களிமண் வாசனை இறங்கியது. இரண்டு வருடமாக அந்த வாசனையில்தான் ஜெயப்பிரியாவின் பிழைப்பு ஓடியது.

கல்லூரியில் பேராசிரியர் தேவராஜ் தெலங்கானாவிலிருந்து மூட்டை மூட்டையாகக் களிமண் கொண்டுவருவார். பழைய எரிமலைக் குழம்பின் அடுக்குகளுக்கு நடுவே சிக்கிய மண். அதை ஊறவைத்து, சல்லடையில் அலசி, மிஞ்சிய பொடியை நுண்ணோக்கிக்கு அடியில் பரப்பி, ஈரத் தூரிகை நுனியால் ஒவ்வொரு துகளாகப் புரட்டிப் பல் தேட வேண்டும். எம்.எஸ்ஸி. விலங்கியல் படித்தவளுக்கு இந்த ஒப்பந்த வேலைதான் வாய்த்தது. டைனோசர் காலத்தின் கடைசியில் பூச்சி தின்று திரிந்த, சுண்டெலி அளவு பிராணியின் பல். டெக்கனோலெஸ்டெஸ் என்று பெயர். தக்காணத்துத் திருடன் என்று அர்த்தம். அழிந்துபோய்க் கோடிக்கணக்கான வருடங்கள் ஆகின்றன. கடுகில் பாதி இருக்கும் கடைவாய்ப் பல்லில் முன்னால் மூன்று கூர்முனை, பின்னால் ஒரு குழி.

பத்தொன்பது பற்களைக் கண்டெடுத்தது அவள் கண். கட்டுரை அச்சானபோது ஆறு பேரின் பெயர் இருந்தது, அவள் பெயர் இல்லை. கடைசி வரியில், உதவிய பணியாளர்களுக்கு நன்றியாம். கேட்டதற்கு, அடுத்த தடவை பார்க்கலாம்மா என்று சொல்லிவிட்டு, டீ சாப்பிடுகிறாயா என்று விசாரித்தார் தேவராஜ். அதற்குப் பிறகு கிடைத்த இருபதாவது பல்லில் ஒரு கீறல்கூட இல்லை. அதை அவள் கொடுக்கவில்லை. பஞ்சில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, சாமி படத்துக்குப் பின்னால் குங்குமச் சிமிழில் ஒளித்துவைத்தாள்.

போன வாரம் லாவண்யாவுக்கு முதல் பால்பல் விழுந்தது. சாணி கிடைக்கிற வரை இருக்கட்டும் என்று அதையும் அதே சிமிழில் போட்டுவிட்டு வேலைக்குப் போனாள். அன்றைக்கென்று கணவன் உத்தமனுக்குத் திருமழிசைக் கம்பெனியில் வார விடுமுறை. மாடு போட்ட சாணியைக் கேரி பேக்கில் அள்ளிவந்து, அப்பாவும் மகளும் சேர்ந்து உருட்டி, பழைய பல்லை எடுத்துக்கோ, புதுப் பல்லைக் குடு என்று மூன்று தரம் கத்திக் கூரை மேல் எறிந்திருந்தார்கள். சாயங்காலம் அவள் வந்து பார்த்தால் சிமிழ் காலி.

"பஞ்சுக்குள்ள இன்னா இருந்துச்சுனு பாத்தீங்களா?"

"அத்த இன்னாத்துக்குப் பாக்கணும்? பஞ்சோட சேத்து உருட்டி ஷீட்டு மேல வுட்டேன். கொயந்த குஷியா கீது, உனுக்கு இன்னா?"

காலிச் சிமிழைச் சாமி படத்துக்குப் பின்னால் திரும்ப வைத்தாள். உள்ளே இருந்ததைச் சொன்னால் திருடியதையும் சொல்ல வேண்டும்.

மறுநாள் ஏணி போட்டு ஏறிப் பார்த்தாள். சாணி உருண்டை இரண்டாகப் பிளந்து கிடந்தது. உள்ளே மகளின் பால்பல் அப்படியே இருந்தது. மற்றது இல்லை. சொந்தப் பல்லை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறது என்று ஒரு நினைப்பு வந்தது. படித்தவள் நினைக்கிற நினைப்பா இது என்று தன்னையே திட்டிக்கொண்டு இறங்கினாள். அதற்கு அடுத்த நாள் மதியம்தான் சத்தம் ஆரம்பித்தது.

சத்தம் கேட்ட மூன்றாம் நாள் சாயங்காலம் லாவண்யாவின் ஈறில் வெள்ளையாகப் புதுப் பல் எட்டிப்பார்த்தது. ஜெயப்பிரியா விரலால் தடவினாள். மூன்று முனை.

கரையான்சாவடி பல் டாக்டர், சில பிள்ளைகளுக்குக் கூடுதலாக இப்படி முளைக்கும், அடுத்த வாரம் வாங்க என்று அனுப்பிவிட்டார். தெரிந்து சொல்லக்கூடிய ஒரே ஆள் தேவராஜ். அவரிடம் கேட்பதென்றால் காலில் விழுந்த மாதிரி. வேலையும் போகும். அந்த ஆள் முன்னால் கைகட்டி நிற்பதைவிடச் சும்மா இருக்கலாம் என்று ஐந்து நாள் சும்மா இருந்தாள். அந்த ஐந்து நாளை நினைத்து இப்போது தன்னையே அறைந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது.

மழைக்காகப் பள்ளி விடுமுறை. லாவண்யா சோறு வேண்டாம் என்றாள். பகலெல்லாம் கட்டிலுக்கு அடியிலேயே இருந்தாள். அவள் கவுனில் ஒரு கரப்பான் இறக்கை ஒட்டியிருந்தது. ஆறாம் நாள் காலை, தலையணையில் கடுகில் பாதி அளவில் ஒரு பல் கிடந்தது.

கல்லூரி நுண்ணோக்கியில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு வீடு திரும்பினாள். ரத்தம் தெரியாமலிருக்க நிறத்தை நீக்கிக் கறுப்பு வெள்ளையாக்கினாள். ஒரு வார்த்தையும் எழுதாமல் தேவராஜுக்கு அனுப்பினாள். இது அந்தப் பிராணியின் பல் இல்லை என்று அவர் சொல்லிவிட்டால் போதும். வேறெதுவும் வேண்டாம்.

மதியம் மூன்று மணிக்குப் பதில் வந்தது.

"அருமை ஜெயப்பிரியா. அதேதான். இவ்வளவு புதுசா நான் பார்த்ததே இல்லை. தாடை முழுசா கிடைக்குமா? இந்தத் தடவை உங்க பேரை முதல்ல போடறேன்."

இரண்டு வருடமாக எதிர்பார்த்த வரி. செல்போனைக் கவிழ்த்து வைத்தாள்.

கூரை மேல் நகங்கள். ஒன்றல்ல. ஷீட்டின் நாலு மூலையிலிருந்தும். நாலடி. மோப்பம். நாலடி. எல்லாம் ஒரே இடத்தில் வந்து நின்றன.

"அம்மா."

கட்டிலுக்கு அடியிலிருந்து.

"கைய நீட்டும்மா."

குனிந்து நீட்டினாள். உள்ளங்கையில் சூடாக ஏதோ விழுந்தது. ஒன்று. இன்னொன்று. பிறகு கொத்தாக. மகளின் பால்பற்கள். பிசுபிசுவென்று ரத்தத்தோடு.

"வலிக்கிதாடி?"

"இல்லம்மா. இத்தயும் மேல போட்டுடு. அதுங்க காத்துகினு கீதுங்க."

செல்போன் வெளிச்சத்தை உள்ளே திருப்பினாள். லாவண்யா கண் கூசாமல் பார்த்தாள். மூக்கு நுனி துடித்துக்கொண்டிருந்தது. அம்மாவுக்குக் காட்டுவதற்காக வாயை நன்றாகத் திறந்தாள். ஈரக் களிமண் வாசனை.

கீழ்த்தாடை முழுசாக இருந்தது. ஒரு பல்கூடக் குறையவில்லை.