முப்பது நாள் தொடாதவை

திங்கட்கிழமை காலை உள்ளே நுழைந்ததும் பக்கத்து மேசைக்காரி சிரித்தாள். "அண்ணா, சர்வர்ல பாதி இடம் மிச்சம்! புண்ணியமா போச்சு."

பையைக்கூட இறக்காமல் என் கணினியிடம் ஓடினேன்.

அலுவலகத்துக்கு வேண்டிய மென்பொருள் பொதிகளை ஒரு தடவை இறக்கிச் சேர்த்துவைக்கும் கிடங்கு அது, கேஷ் என்போம். தொண்ணூறு நாள் யாரும் எடுக்காத ஃபைலை அதுவே அழித்துவிடும். இடம் போதாமல் வெள்ளிக்கிழமை நான்தான் அதை முப்பது நாளாக்கினேன். மடையன்! என் மனைவியின் குரல் அதில் இருப்பதை எப்படி மறந்தேன்?

அவளும் இங்கேதான் வேலை பார்த்தாள். பேச்சைச் சோதிக்கும் பொதி ஒன்றுக்காக இருவரும் ஆளுக்கொரு ஃபைலில் குரலைப் பதிந்துவைத்தோம். "ஒண்ணு, ரெண்டு... ஏய், சிரிக்காத!" அவ்வளவுதான் அவளுடையது. மூலம் இருந்த தளத்தை மூடிவிட்டார்கள்; மிச்சம் கேஷில் இருந்த பிரதிதான். விபத்தில் அவளோடு போனும் நொறுங்கியது. ஐம்பத்திரண்டு நாளாகிறது. அந்த ஃபைலைப் போட்டுக் கேட்க எனக்குத் தைரியம் வரவே இல்லை. நாளை, நாளை என்று தள்ளிப்போட்டேன்.

கேஷின் பட்டியலைத் திறந்தேன். என் ஃபைல் அழிந்திருந்தது.

அவளுடையது இருந்தது.

கடைசியாக எடுத்த நாள்: நேற்று. எடுத்த கணினி: அவளுடையது.

"அவ மெஷினை யாராவது போட்டீங்களா?" என்றேன்.

"அது அலமாரியில கெடக்கே அண்ணா. ஒயர்கூட இல்ல."

அலமாரிக்குப் போய் அதைத் தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்றிருந்தது.

யார் எப்போது எதை எடுத்தார்கள் என்ற பழைய பதிவுகளைப் புரட்டினேன். ஐம்பத்திரண்டு நாளும், ஒரு நாள் தவறாமல், அந்தக் கணினி அந்த ஒரு ஃபைலை எடுத்திருந்தது. அழிந்துவிடக் கூடாதென்று. எனக்காக. மேசையில் தலைவைத்து அழுதேன். பிறகு பிரதி எடுத்துக்கொண்டு, அலமாரிக் கதவருகே போய்க் கிசுகிசுத்தேன்.

"நான் எடுத்துக்கிட்டேன்மா. இனிமே நீ அலைய வேணாம்."

மறுநாள் பதிவைப் பார்த்தேன். அவள் ஃபைலை யாரும் எடுக்கவில்லை.

என்னுடைய ஃபைலைத் தரும்படி கேட்டிருந்தாள்.

கேஷின் பதில்: இல்லை.

மறுபடியும் கேட்டிருந்தாள். இல்லை. நிமிடத்துக்கு ஒரு தடவை, விடிந்தது முதல். இல்லை, இல்லை, இல்லை.

பாவி, என் குரல் அவளுக்கு வேண்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லையே! மைக்கை எடுத்தேன். "ஒண்ணு, ரெண்டு..." அதற்குமேல் எண்ணவில்லை. "இங்கதான்டி இருக்கேன்" என்று முடித்து, பழைய பெயரிலேயே கேஷில் வைத்தேன். விசையிலிருந்து கையை எடுப்பதற்குள் அது எடுக்கப்பட்டுவிட்டது.

பிறகு யாரும் எதையும் கேட்கவில்லை.

அலமாரியைத் திறந்து அவள் கணினிமேல் கை வைத்தேன்.

வெதுவெதுப்பாக இருந்தது.