துத்துப் பாவாடை

"எங்க வூட்டுக்காரரு கொல பண்ற ஆளா ஐயா? கோழி அறுக்கவே பக்கத்து வூட்டு ஆளக் கூப்புடுவாரு. அவரப் போயி புடிச்சி அடைச்சி வச்சிருக்காங்களே!"

1934ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் ஒரு காலை, வில்லியனூரில் சிவப்பிரகாசத்தின் வீட்டு வாசலில் நின்று இப்படிக் கதறியவள் ஜொஹரா பீவி. பாகூர்த் தையற்காரர் நிஜாமுதீனின் மனைவி. சிவப்பிரகாசம் புதுச்சேரி நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரே பதறினாலும் தாம் பதறமாட்டார். அவருடைய மைத்துனன் குழந்தைவேல் அதற்கு நேர் எதிர். அவள் சொல்லி முடிப்பதற்குள் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றான்.

விஷயம் இதுதான். குருவிநத்தத்தில் சாராய ஆலை வைத்திருந்த பெர்த்தோ துரையின் மனைவி எலேன், கல்யாணத்துக்கு முன் பாரிசில் பாலே நடனம் ஆடியவள். பிரெஞ்சுத் தேசிய நாளான ஜூலை பதினாலு கொண்டாட்டத்தில் ஆட ஆசைப்பட்டு, தன் பழைய நடன உடையைக் காட்டி, நிஜாமுதீனிடம் புதிதாக ஒன்று தைக்கச் சொன்னாள். 'துத்து' என்று அதற்குப் பெயர். மெல்லிய சல்லாத் துணியை அடுக்கடுக்காக இடுப்பில் சுருக்கி, கஞ்சி போட்டு விறைக்க வைத்த பாவாடை. அவள் சிறுமியாக இருந்த காலத்தில் அது முழங்காலுக்குக் கீழே மணி மாதிரித் தொங்கியது. இப்போது ஐரோப்பாவில் அதை முழங்காலுக்கு மேலே ஏற்றிவிட்டார்கள்.

நிஜாமுதீன் கூசிப்போனார். முழங்காலை மூடியே தைத்துக் கொண்டுபோனார். மதாம் அதை அவர் முகத்தில் விட்டெறிந்தாள். ஆலை ஆட்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள். அவரும் பாவம், வாயைத் திறக்காமல் குறைத்துத் தைத்துக் கொடுத்தார். விழாவுக்கு முந்தைய மாலை, தரையில் எண்ணெய் விளக்குகளை வரிசையாக வைத்து அவள் ஒத்திகை பார்த்தாள். உடையில் தீப்பிடித்து, கத்தக் கத்த வெந்து செத்தாள்.

"அந்தத் துணி பத்திக்கும்னு அந்தம்மாவுக்குத் தெரியாதா?" என்று கேட்டார் சிவப்பிரகாசம்.

"நல்லாத் தெரியும் ஐயா. அந்தக் காலத்துல இதப் போட்டு ஆடுன பொண்ணுங்க மேடையிலேயே வெந்து போனாங்களாம். அதான் துணிய படிகாரத் தண்ணியில நனைக்கச் சொன்னாங்க. பழுப்பு தட்டினாலும் பரவால்லன்னாங்க. நான்தான் அண்டாவுல கரைச்சேன். கஞ்சியும் சேத்து நனைச்சி, காஞ்சப்புறம்தான் அவரு வெட்டுனாரு. துரை இன்னான்னா, படிகாரத்துல போடவே இல்ல, மூஞ்சில எறிஞ்சதுக்கு வஞ்சம் தீத்துட்டான்னு எழுதிக் குடுத்துட்டாரு."

"வெட்டின துண்டு ஏதாவது மிச்சம் இருக்கா?"

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு துண்டைக் கொடுத்தாள். சிவப்பிரகாசம் தீக்குச்சி கிழித்து அதில் வைத்தார். துணி கருகியது, புகைந்தது, அவ்வளவுதான். தீ பற்றவில்லை.

"முடிஞ்சுது மாமா! இதக் கொண்டு போய்க் காட்டினா போதும்!" என்று துள்ளினான் குழந்தைவேல்.

"அவசரப்படாதே. செத்துப்போன அம்மா போட்டிருந்தது இதே துணிதான்னு யார் சொல்றது?"

குருவிநத்தத்தில் துரையின் பங்களாவில், நீதிமன்ற நாட்களிலிருந்தே சிவப்பிரகாசத்தைத் தெரிந்த போலீஸ் கொமிசேர் இருந்தார். மதாம் மல்லாந்து விழுந்ததால் முதுகுக்கு அடியில் எரியாமல் தப்பிய உள்ளங்கை அகலத் துண்டு ஒன்றைத் தகரப் பெட்டியில் வைத்திருந்தார். அதன் ஓரத்தில் ஒரு சிவப்புக் கறை.

"ரத்தம்" என்றார் கொமிசேர்.

"ரத்தமா?" இரண்டு கையிலும் துணிக்கட்டுப் போட்டிருந்த வேலைக்காரி கலியம்மாள் எட்டிப் பார்த்தாள். "அந்த எடத்துல நான் மஞ்சதானே வச்சேன்! புதுத் துணியாச்சே ஐயா, மஞ்ச வைக்காம எப்படி உடுத்தறது? தையக்காரரு குடுத்துட்டுப் போனதுமே வச்சேன். மதாம் கூடச் சிரிச்சாங்க. அப்பவே துரை வாங்கி பீரோவுல வச்சிப் பூட்டிக்கினாரு."

"அப்புறம் வெளுக்கப் போட்டீங்களா?"

"இல்ல ஐயா. சாவி துரைகிட்ட. மறுநாளு மதாம் கப்பல் சீட்டு வாங்கப் புதுச்சேரி போயிட்டாங்க. சீமைக்கே போறேன், இனிமே வரமாட்டேன்னு பெட்டியெல்லாம் கட்டி வச்சாங்க. ஆலை கூட அவங்க அப்பா குடுத்ததுதான். அன்னிக்கி துரைக்கு வேற வயிறு சரியில்ல. குண்டான் நெறையக் கஞ்சி கேட்டாரு. ஆனா ராத்திரி ஒரு முழுக் கோழியத் தின்னாரு, அது இன்னா வயித்துவலியோ!"

சிவப்பிரகாசம் எல்லோரையும் கூடத்துக்கு அழைத்தார். பெர்த்தோ துரை கையில் கறுப்புப் பட்டையோடு வந்து உட்கார்ந்தார். முகத்தில் துக்கம் சரியான அளவில் இருந்தது. சிவப்பிரகாசம் அவரிடம் பிரெஞ்சில் பேசி, மற்றவர்களுக்குத் தமிழிலும் சொன்னார்.

"முசே, தையற்காரர் கொடுத்ததிலிருந்து மதாம் உடுத்தும்வரை உடை உங்கள் பீரோவில்தான் இருந்தது, இல்லையா?"

"ஆமாம். சாவி என் பையைவிட்டு நகரவே இல்லை. வேறு யாரும் தொடவில்லை. குற்றம் அந்தத் தையற்காரன் ஒருவனுடையது."

சிவப்பிரகாசம் தகரப் பெட்டித் துண்டிலிருந்து ஓர் இழையை உருவித் தீயில் காட்டினார். குப்பென்று பற்றியது.

"பார்த்தீர்களா?" என்றார் துரை.

"பார்த்தேன். கலியம்மா, மஞ்சள் எப்போ சிவக்கும்?"

"சுண்ணாம்பு பட்டா சிவக்கும். ஆரத்தி அப்படித்தானே கரைக்கிறோம்?"

"சவுக்காரம் பட்டாலும் சிவக்கும். ஆக, மஞ்சள் வைத்த பிறகு இந்தத் துணியை யாரோ சவுக்காரம் போட்டுத் துவைத்திருக்கிறார்கள். படிகாரம் தண்ணீரோடு போய்விட்டது."

"வெளுக்கிற பச்சையப்பன்!" என்று கத்தினான் குழந்தைவேல்.

"இல்லடா. அவன் துவைச்சா நாலு தண்ணியில அலசி வெயில்ல போடுவான். மஞ்சள் போயே போயிருக்கும், நீலம் ஏறியிருக்கும். இது ஒரு நாளும் துணி துவைக்காத கை. சவுக்காரம் போக அலசல, அறைக்குள்ளயே காய வச்சிருக்கு." அவர் மறுபடி துரையின் பக்கம் திரும்பினார். "துவைத்த உடை துவண்டு போயிருக்கும். மதாம் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவாள். திரும்ப விறைக்க வைக்கக் கஞ்சி வேண்டும். அதற்குத்தான் உங்களுக்கு வயிற்றுவலி வந்தது."

கலியம்மாள் கட்டுப் போட்ட கையாலேயே தலையில் அடித்துக்கொண்டாள். "அடப் பாவி! அந்தக் கஞ்சிய வடிச்சிக் குடுத்தது நானாச்சே!"

"ஆலை மதாமின் அப்பா அவளுக்குக் கொடுத்தது. அவள் கப்பலேறிவிட்டால் உங்களுக்கு எதுவும் இல்லை. நீங்கள் விளக்கைத் தொடவேண்டிய அவசியமே இருக்கவில்லை. படிகாரத்தை நம்பி அவளே விளக்கருகில் ஆடுவாள் என்று தெரியும். காத்திருந்தீர்கள்."

துரை கலியம்மாளைக் காட்டினார். "சாவியை இந்த வேலைக்காரி எடுத்திருக்கலாம்..."

"நகரவே இல்லை என்று இப்போதுதானே சொன்னீர்கள்?" என்று எழுந்தார் கொமிசேர்.

நிஜாமுதீனை மறுநாளே விட்டுவிட்டார்கள். குழந்தைவேல்தான் வண்டி பூட்டிக்கொண்டு போய் அழைத்து வந்தான். வழியெல்லாம் மாமாவின் சாமர்த்தியத்தைச் சொல்லிக்கொண்டே வந்தான். நிஜாமுதீன் காது கொடுத்ததாகவே தெரியவில்லை.

"அல்லா காப்பாத்திட்டான். எதுக்கு இப்படி மூஞ்சத் தூக்கி வச்சிருக்கீங்க?" என்றாள் வீட்டு வாசலில் காத்திருந்த ஜொஹரா பீவி.

"கலியம்மா ஜெயிலுக்கு வந்து பாத்துட்டுப் போனா." அவர் தம் விரல்களைப் பார்த்துக்கொண்டே பேசினார். "ஆடறப்போ அவுழக் கூடாதுன்னு மதாம் சொல்லிச்சு. முதுகுல கொக்கி அத்தனையும் ரெட்ட நூல் போட்டுத் தச்சேன். தீப்புடிச்சதும் கலியம்மா ஓடிப் போயி ரெண்டு கையாலயும் இழுத்திருக்கா. ஒண்ணு கூடப் பிய்யலையாம்."



"அதுக்கு நீங்க இன்னா பண்ணுவீங்க? நல்லாத் தைக்கிறது ஒரு குத்தமா?"

"நல்லாத்தான் தச்சேன்," என்றார் நிஜாமுதீன். "அதத்தான் சொல்றேன்."