இடது முன்சக்கரத்தில் எறும்பு

2001, டிசம்பர் 23, ஞாயிறு. காலை 7.40.

சாணார்பட்டி சாலையில் ராயப்பராஜ் வாத்தியாரின் சிவப்புக் கார் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போய் மக்காச்சோளக் காட்டுக்குள் இறங்கியது. வாத்தியாருக்கு வலது கை முறிந்தது. காருக்கு இடது முன்சக்கரத்து டயர் உட்பக்கமாக வட்டமாய் அறுந்திருந்தது.

8.30க்கு சப்-இன்ஸ்பெக்டர் ரோஸ்மேரி வந்தபோது வாத்தியாரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். கார் மட்டும் சோளத்தட்டைக்கு நடுவே மாப்பிள்ளை மாதிரி நின்றது. பழைய மோரிஸ்தான். ஆனால் கூரையைத் தாழ்த்தி, பெரிய இன்ஜின் வைத்து, அகலச் சக்கரம் மாட்டி 'ஸ்ட்ரீட் ராட்' ஆக்கியிருந்தார் வாத்தியார். பொங்கலுக்கு மதுரைக் கண்காட்சியில் நிறுத்த வேண்டும் என்று இரண்டு வருட உழைப்பு.

"சக்கரம் தேர்ந்தெடுத்தது யாரு?"

"நான்தான் மேடம்." நாகல் நகரில் பட்டறை வைத்திருக்கும் நியாஸ். வாத்தியாரிடம் படித்தவன். "ஓட்டை நாலும் பொருந்தினாப் போதாது. சக்கரம் எம்புட்டு உள்ள போகுது, எம்புட்டு வெளிய நிக்குதுன்னு பார்க்கணும். முன்சக்கரம் ரெண்டும் அரை அங்குலம் உள்ள போச்சு. அதுக்குத்தான் சக்கரத்துக்குப் பின்னாடி பக்கத்துக்கொரு தகடு வச்சேன்."

"இப்ப இடது பக்கம் தகடு இல்லையே?"

கூட்டத்திலிருந்து ஒரு சிரிப்பு. காரை இழுக்க வந்திருந்த இன்னொரு மெக்கானிக், ரொனால்டு. "மறந்துட்டான் மேடம். தகடு இல்லாம டயரு உள்ள இருக்கிற கம்பியில உரசும், அறுக்கும். இருபது வருசமா வாத்தியார் வண்டி என்கிட்ட. இந்தச் சக்கரத்துக்கு மட்டும் பொடியனைக் கூப்பிட்டாரு. அனுபவிக்கட்டும்."

"அல்லாஹ் மேல ஆணையா மாட்டினேன்!"

ரோஸ்மேரி குனிந்து பார்த்தாள். மட்கார்டின் உள்பக்கம் எலுமிச்சை அளவில் ஒரு மாவு உருண்டை. அதில் சாரை சாரையாக எறும்பு. எழுந்து வலது முன்சக்கரத்துக்குப் போனாள். அங்கேயும் அதே மாதிரி உருண்டை. எறும்பு ஒன்றுகூட இல்லை.

"இது என்னப்பா?"

"டயர் மேல இடிக்குதான்னு பார்க்க ஒட்டுவேன் மேடம். இடிச்சா மாவுல தடம் விழுந்துரும். மாமாவோட புரோட்டாக் கடை மாவு. மைதா, உப்பு, எண்ணெய்."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல. நேத்து சாயங்காலம் அஞ்சு மணிக்கு நாலு சக்கரத்துக்கும் ஒட்டிட்டுப் போயிட்டேன். இன்னைக்கு ஒம்பது மணிக்கு நான் வந்துதான் ஓட்டிப் பார்க்கணும். சார் முந்திக்கிட்டாரு."

ஆஸ்பத்திரியில் 10.15. மாவுக்கட்டுப் போட்ட கையோடு வாத்தியார் கொதித்தார். "கேஸ் எழுதுங்கம்மா! சொந்தப் பிள்ளைக்கு மேல நம்பினேன் அவனை."

வாசலில் நின்ற நியாஸுக்குக் கேட்டது. "இந்தப் பேரு வந்துட்டா, நாளைக்கு ஒருத்தன்கூட என் பட்டறையில வண்டி விடமாட்டான் மேடம்," என்றான் மெதுவாக.

11.30. ரொனால்டின் வீடு. கிறிஸ்துமஸுக்கு இரண்டே நாள் இருக்க, வாசலில் நட்சத்திரம் இல்லை. அடுப்படியில் எண்ணெய் வாசம் இல்லை.

"நேத்து அஞ்சு மணிக்கு மேல எங்க இருந்தீங்க?"

"வாத்தியார் வீட்டு ஷெட்டுக்குத்தான் போனேன். புதுச் சக்கரத்தைப் பார்க்க. வயிறு எரிஞ்சுது, இல்லைன்னு சொல்லலை. ஆனா தொடலை. ஷெட்டு எட்டு மணி வரைக்கும் திறந்தே கிடந்துச்சு. யாரும் வந்திருக்கலாம்."

"பலகாரம் ஒண்ணும் சுடலையா?"

"அம்மா ஆகஸ்டுல தவறிட்டாங்க. இந்த வருசம் வீட்டுல பிடி மாவுகூடப் பிசையலை மேடம்."

12.15. வாத்தியார் வீட்டு அடுப்படி. அவர் மனைவி அல்போன்சா கண்ணீரும் கிறிஸ்துமஸ் பலகாரமான கலகலாத் தட்டுமாக நின்றார்.

"சாப்பிடும்மா. கை ஓடலை, இருந்தாலும் பிசைஞ்ச மாவை என்ன செய்ய?"

"மாவுல என்ன போடுவீங்கக்கா?"

"மைதா, சீனி, தேங்காப்பால். நேத்து மத்தியானமே பிசைஞ்சாச்சு. நானும் எம்மகன் அமலனும்தான். என் அடுப்படிக்குள்ள வெளியாளு யாரும் வரமாட்டாங்க. அவன் முள்கரண்டியில அழகாச் சுருட்டிக் குடுப்பான். அவங்கப்பாதான் 'பொம்பளைப் பிள்ளை வேலை'ன்னு நக்கலடிப்பாரு."

ரோஸ்மேரி கலகலாவை வாயில் போட்டாள். இனித்தது. எழுந்தாள்.

மாலை 4.00. வாத்தியார் வீடு திரும்பியதும் எல்லோரையும் ஹாலில் உட்காரவைத்தாள்.

"நியாஸ் தகட்டை மறந்திருந்தா, அந்தச் சக்கரத்தை யாரும் திரும்பக் கழட்டியிருக்க வேண்டியதில்லை. ஆனா கழட்டியிருக்காங்க. அகல டயரை வெளிய இழுக்கும்போது மேல இருந்த மாவு சிதைஞ்சு போச்சு. கழட்டினது தெரிஞ்சுடும்னு புது உருண்டை ஒட்டினாங்க. நியாஸா இருந்தா புரோட்டா மாவைத்தான் ஒட்டியிருப்பான். அதுக்கு எறும்பு வராது. இந்த உருண்டையில சீனி இருக்கு. பார்வைக்கு ரெண்டும் ஒரே வெள்ளை."

"ரொனால்டா?" என்றார் வாத்தியார்.

"அவர் வீட்டுல மாவே இல்லை. சீனி மாவு இந்த அடுப்படியில இருந்துச்சு. தொட்டது ரெண்டே பேரு. அக்காவுக்கு ஜாக்கி போடத் தெரியாது. தகடு எங்க அமலன்?"

கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தான் அமலன். வைக்கோலுக்குள் கைவிட்டு, கன்றுக்குட்டி பொம்மைக்கு அடியிலிருந்து தகட்டை எடுத்தான்.

"ஏலே!" வாத்தியார் குரல் உடைந்தது. "என்னைக் கொல்லப் பார்த்தியா?"

"இல்லப்பா! அவன் வந்து ஓட்டிப் பார்த்ததும் உரசும், நீங்க அவனைத் திட்டுவீங்கன்னுதான்… நீங்க எடுத்துட்டுப் போவீங்கன்னு நினைக்கல. ரெண்டு வருசம் நானும் கூடவேதானே நின்னேன்? பதினாலு இஞ்ச் சக்கரம் போதும்னு முதல்ல சொன்னதே நான்தான். காதுல வாங்குனீங்களா? அதையே அவன் சொன்னப்ப கைதட்டுனீங்க."

அல்போன்சா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

வாத்தியார் இடது கையை நீட்டினார். "நியாசு, மன்னிச்சுரு அப்பு. வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன்."

"பரவாயில்ல சார்." நியாஸ் மூச்சுவிட்டான். காலையிலிருந்து முதல் முறை அவன் நிமிர்ந்து நின்றான்.

"புகாரை என்ன செய்ய?" என்றாள் ரோஸ்மேரி.

"கிழிச்சுப் போடுங்கம்மா. என் பிள்ளை, நான் பேசிக்கிறேன்." அமலன் கையிலிருந்த தகட்டை வாங்கினார். மகன் முகம் ஒரு கணம் ஏதோ எதிர்பார்த்து மலர்ந்தது. வாத்தியார் தகட்டில் ஒட்டியிருந்த வைக்கோலை வேட்டியில் துடைத்து, திரும்பி, நியாஸிடம் கொடுத்தார்.

"வளைஞ்சு கிளைஞ்சு இருக்கான்னு செத்த பாரு அப்பு. உன் கண்ணுக்குத்தான் தெரியும்."

ரோஸ்மேரி அமலனைப் பார்த்தாள்; அவன் கண் நியாஸ் கையிலிருந்த தகட்டிலேயே இருந்தது. தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பியவள், வாசல் வரை போய்த் திரும்பி வந்தாள்.

"சார், ஷெட்டுச் சாவியை ஒருவாரம் ஸ்டேஷன்லயே வச்சுக்கிறேன்."