ஒரு முகம் மட்டும்

கணினியில் போட்ட புது டிரைவுக்குள் சுற்றுவதற்கு ஒன்றுமே கிடையாது. தட்டு இல்லை, ஊசி இல்லை, மோட்டார் இல்லை. விரல் நீளத்துக்கு ஒரு பச்சை அட்டை, அதன்மேல் நாலு கறுப்புச் சில்லுகள், அவ்வளவுதான். பிறகு எங்கிருந்து வருகிறது இந்த டிக், டிக்?

அவள் கணினிப் பெட்டியில் காதை வைத்துக் கேட்டாள். விசிறியின் முனகல், சூடேறும் தகரத்தின் வாடை, மூடிய ஜன்னலுக்கு வெளியே பிற்பகலை இருட்டாக்கிக்கொண்டு கொட்டும் மழை, இத்தனைக்கும் நடுவே நிதானமாக, யாரோ பொறுமையோடு காத்திருப்பதைப் போல அந்தச் சத்தம். சர்வீஸ்காரரைப் போனில் பிடித்தாள்.

“பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துட்டீங்கதானே மேடம்?”

“எடுத்து அலமாரியில வச்சுப் பூட்டியாச்சு.”

“அப்ப ஃபேனாத்தான் இருக்கும். பழசை அப்படியே காப்பி பண்ணி ஏத்தியிருந்தா அரை மணி நேர வேலை. நீங்கதான் கேக்கல.”

“அதுல இருந்த ஒரு பைல்கூட எனக்கு வேண்டாம். எல்லாமே முதல்லேர்ந்து.”

வேண்டாம்தான். பத்தொன்பது வருடம் கட்டட வரைபடங்களை வரைந்தவள் அவள். ஒவ்வொன்றின் மூலையிலும் ‘வரைந்தவர்’ என்ற கட்டத்தில் இருந்தது அண்ணன் பெயர். அண்ணன் பென்சில் பிடித்ததைப் பார்த்தவர் யாருமில்லை. அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று, ஒவ்வொரு கோட்டிலும் குற்றம் கண்டுபிடிப்பதே அவர் பார்த்த உத்தியோகம். போய்ச் சேர்ந்து மூன்று மாதமாகிறது. நாளை காலை ஒரு நூலகத்தின் வரைபடம் இன்ஜினியர் கைக்குப் போக வேண்டும். முதன்முதலாக அவள் பெயரில். அதற்குள் இந்தப் பெட்டி உயிர் பெற்றாக வேண்டும்.

திரை மொழி கேட்டது, நேரம் கேட்டது. யார் பயன்படுத்தப் போகிறீர்கள் என்று கேட்டது. தன் பெயரை அழுத்தமாகத் தட்டினாள். அடுத்தது பூட்டு. கடவுச்சொல் வைத்தால் அண்ணன் ஊகித்துவிடுவார் என்று மனம் முந்திக்கொண்டது. பழக்கதோஷம். செத்தவர் எதை ஊகிப்பது என்று தன்னையே திட்டிக்கொண்டு, முகத்தைக் காட்டித் திறக்கும் வழியைத் தேர்ந்தெடுத்தாள். முகத்தை எவரால் திருட முடியும்?

கேமராவின் சிவப்புப் பொட்டு எரிந்தது. நேராகப் பார்க்கச் சொன்னது திரை. பார்த்தாள்.

‘ஒருவர் மட்டும் கேமராவின் முன் இருக்கவும்.’

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கதவு தாழிட்டிருந்தது. வீட்டில் ஈ காக்கை இல்லை. கேமராவைத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி முகத்தைக் காட்டினாள்.

‘ஒருவர் மட்டும் கேமராவின் முன் இருக்கவும்.’

டிக். டிக்.

சத்தம் பெட்டியிலிருந்து வரவில்லை. பின்னாலிருந்து வந்தது. காது உயரத்திலிருந்து. கூடவே தலைவலித் தைலத்தின் வாடை. அவளுக்குப் புரிந்துவிட்டது. பேனாவின் பொத்தான். தப்பு கண்டுபிடிப்பதற்கு முன்னால் அண்ணன் அதை அமுக்கிக்கொண்டே நிற்பார்.

பிடரி மயிர் சிலிர்த்தது. பயம்தான், இல்லை என்று சொல்வானேன். ஆனால் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

“அண்ணா, பத்தொன்பது வருஷம் பின்னாடி நின்னுட்டீங்க. போதும்.”

டிக்.

“என் பேரை நான் போடத்தான் போறேன்.”

டிக். டிக். டிக்.

“போடா!”

வாழ்நாளில் அவரை அவள் அப்படிச் சொன்னதில்லை. சத்தம் நின்றது. மழைகூட நின்றாற்போல் இருந்தது. மீண்டும் முயல்க என்பதை அழுத்தினாள்.

இம்முறை ஒரு மறுப்பும் இல்லை. வட்டம் பச்சையானது. முகம் பதிவாகிவிட்டது. வரவேற்கிறோம் என்றது திரை. அதன் கீழே, பெயர்க் கட்டத்தில், அண்ணன் பெயர்.

கேமராப் படம் இன்னும் மறையவில்லை. நாற்காலியில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால், நாற்காலி முதுகைப் பிடித்தபடி, நின்றுகொண்டிருந்தாள் அவள்.

குனிந்து பார்த்தாள். காலடியில் தரை சில்லிட்டது. எப்போது எழுந்தாள்? தெரியவில்லை. எதிரே, கைக்கெட்டும் தூரத்தில், எண்ணெய் தடவி வாரிய அந்தப் பின்னந்தலை.

ஓடவில்லை. அந்தத் தோளுக்கு மேலாகக் கையை நீட்டினாள். ஈரமான குளிர் முழங்கை வரை ஏறியது. விசைப்பலகையைத் தொட்டாள். அவர் பெயரின் கடைசி எழுத்தை அழித்தாள். அதற்கு முந்தைய எழுத்தை அழித்தாள். அதற்கும் முந்தையதை.

முழுதும் அழிந்தது. தன் பெயரின் முதல் எழுத்தைத் தட்டினாள்.

உடம்பு அசையாமல், அந்தத் தலை மட்டும் மெல்ல மெல்ல அவள் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. அவள் இரண்டாவது எழுத்தைத் தட்டினாள்.