பாப்பா அறையில் ஒன்று

"போதும்ப்பா, நிறுத்து" என்று பாப்பா சிரிப்பதோடு அந்தப் பதிவு முடிந்துவிடும். லிஃப்ட் மெக்கானிக்குக்கு அது மனப்பாடம். மகள் போன பிறகு அவளுடைய குரல் என்று வீட்டில் மிஞ்சியது அது ஒன்றுதான். வேலை முடிந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அதைத்தான் கேட்பார். இன்று சிரிப்பு முடிந்த பிறகும் பதிவு ஓடியது. மூச்சை இழுக்கும் சத்தம் ஒன்று கேட்டது.

கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்து இதையும் தின்றுவிடப் போகிறதோ என்று பயந்தார். மனைவி இந்த வீட்டில் இருக்கப் பிடிக்காமல் தன் தம்பி வீட்டுக்குப் போயிருந்தாள். கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் அந்தத் தம்பியைத்தான் போனில் கூப்பிட்டார்.

"ஆன்லைன்ல சோதிக்கணும்னா ஃபைலை நாமதான் அனுப்பணும் அத்தான். அது அவங்ககிட்டயே தங்கிடலாம், வேற யார் கைக்கும் போகலாம். பாப்பா குரலை அனுப்பாதீங்க."

"எதையும் அனுப்ப வேண்டாம், முழுசா நாங்களே பார்க்கிறோம்னு இங்க ஒரு வெப்சைட் சொல்லுதேப்பா?"

"அது ஏமாத்து வேலை. பிரவுசரால தானா உள்ள போய் எல்லாத்தையும் பார்க்க முடியாது. திரையில சும்மா ஒரு பட்டையை ஓட்டிப் பயமுறுத்துவாங்க. மூடிடுங்க, நாளைக்கு நானே வரேன்."

நாளைக்குள் அழிந்துவிட்டால்? மனசு கேட்கவில்லை. அந்த வெப்சைட்டில் இருந்த 'சோதி' பொத்தானை அழுத்திவிட்டார்.

திரையில் பச்சைப் பட்டை ஊர்ந்தது. பழுதாகி நின்ற லிஃப்டுக்கு மேலே விளக்கு மட்டும் தன் பாட்டுக்கு மாடி எண்களைக் காட்டுவதை எத்தனையோ முறை பார்த்தவர் அவர். இதுவும் அந்த ரகம்தான் என்று தனக்குத்தானே சிரித்துக்கொண்டார்.

சமையலறை: சுத்தம்.

அவர் சிரிப்பு நின்றது. மாதக்கணக்கில் ஒழுகிக்கொண்டிருந்த குழாயின் சொட்டுச் சத்தம் அடங்கி, வெளியே அந்தி மங்கி, மருந்தும் ஈரத்துணியும் கலந்த அந்த ஆஸ்பத்திரி வாடை, எதை ஊற்றிக் கழுவியும் அவர் மூக்கைவிட்டுப் போகாத வாடை, நடைவழியில் மெல்லப் பரவியது.

கூடம்: சுத்தம்.

கடிகாரம் நின்றது.

பாப்பா அறை: ஒன்று இருக்கிறது.

கீழே இரண்டு பொத்தான்கள். நீக்கு. விட்டுவை.

பக்கத்தை மூடப் பார்த்தார். அது மூடிக்கொள்ளவில்லை. கம்ப்யூட்டரையே அணைத்தார். திரை அணையவில்லை. பாப்பா அறைக்குள் இருமல். கடைசி வாரத்து இருமல். பிறகு கதவு திறந்தது. ஏதோ ஒன்று தரையோடு இழுபட்டு வந்தது. குழந்தையின் நடை இல்லை. அவருக்கும் அது தெரிந்தது.

"நீக்கு" பக்கம் அம்புக்குறியைக் கொண்டுபோனார்.

"அப்பா..."

கை அப்படியே நின்றுவிட்டது. ஒரு தடவை வாரிக்கொடுத்தாயிற்று. இன்னொரு தடவை, அதுவும் தன் கையாலேயே, எந்த அப்பனால் முடியும்? அழுதுகொண்டே "விட்டுவை"யை அழுத்தினார்.

திரை அணைந்தது.

இருட்டில் அவர் சுண்டுவிரலை ஒன்று பிடித்துக்கொண்டது. பாப்பா அப்படித்தான். தெருவைக் கடக்கும்போது சுண்டுவிரலை மட்டும்தான் பிடிப்பாள். சில்லென்ற ஈரப் பிடி. பிடி அவளுடையதுதான். அந்தக் கையின் மற்ற விரல்கள் அவர் மணிக்கட்டைத் தாண்டின. முழங்கையைத் தாண்டின. நீண்டுகொண்டே தோளுக்கு ஏறின.

அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.