அவள் வைக்காத பொட்டு

மழைக்கு அவசரம். பினிதாவுக்கு அதைவிட அவசரம்.

காத்மாண்டின் பௌத்தா ஸ்தூபியை எல்லோரும் வலமாகத்தான் சுற்றுவார்கள். பிக்குகள், கிழவிகள், ஏன், தெருநாய்கள்கூட வலம்தான். அந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்த பினிதாவுக்கு இது தெரியாதா என்ன? ஆனால் தயிர்க்கடையிலிருந்து அவள் வீட்டுச் சந்துக்கு இடமாகப் போனால் நாலு எட்டு, வலமாகப் போனால் முழுச் சுற்று. கையில் மண்சட்டித் தயிர், தலைக்கு மேலே கருமேகம். ஒருநாளைக்குப் புத்தர் கண்டும் காணாமல் இருக்கட்டும் என்று துப்பட்டாவைச் செருகிக்கொண்டு எதிர்த்திசையில் ஓடினாள்...

மோதிவிட்டாள்.

பாதித் தயிர் அவன் சட்டையில். கொஞ்சம் அவள் துப்பட்டாவில்.

"கண்ணு என்ன முதுகுலயா இருக்கு?"

அவன் சட்டையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பிறகு கைகூப்பி, மிகுந்த பணிவோடு நேபாளியில் சொன்னான்:

"மன்னித்தருள வேண்டும் சகோதரி. ஆயினும், தாங்கள்தாம் எதிர்த்திசையில் எழுந்தருளினீர்கள்."

பினிதாவுக்குக் கோபம் எங்கேயோ போய்விட்டது. எழுந்தருளினேனா? முகத்தைப் பார்த்தால் இந்தத் தெருவில் ஜீன்ஸ் போட்டுத் திரிகிற எந்தத் திபெத்தியப் பையனையும் போலத்தான் இருந்தான். பேச்சோ அரண்மனையிலிருந்து நேராக இறங்கி வந்ததுபோல் இருந்தது.

"எந்த ஊரு நீங்க?"

"சூரிச். சுவிட்சர்லாந்து. நேபாளியைப் புத்தகத்தில் பயின்றேன்."

"அந்தப் புத்தகத்தை எடைக்குப் போட்டுடுங்க."

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அவன் அவசரமாகக் குடையை விரித்தான்... தனக்கும் பிடிக்கவில்லை, அவளுக்கும் பிடிக்கவில்லை. மிச்சமிருந்த தயிர்ச்சட்டிக்கு மேலே பிடித்தான். இமை நுனிகளில் மழைத்துளி. சிரிக்கலாமா கூடாதா என்று கேட்டுக்கொண்டு நின்றன அந்தக் கண்கள். பினிதா சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டாள். திருப்பியபிறகும் அவை அவளோடேயே வீட்டுக்கு வந்தன.

கண்கள் மட்டும் வரவில்லை என்பது மாலையில்தான் தெரிந்தது.

அவள் அம்மா ஹரிமாயா, திபெத்தியப் பெண்கள் உடுத்தும் சுபா என்ற நீள அங்கியைத் தைத்துக் கொடுக்கிறவள். அப்பா கத்தாரில். மாடியறை சும்மா கிடக்கிறதே என்று, வெளிநாட்டிலிருந்து ஒரு பருவம் படிக்க வரும் மாணவன் ஒருவனைத் தங்கவைக்க அம்மா ஒப்புக்கொண்டிருந்தாள். விருந்தாளிக்காகத்தான் அந்தத் தயிரே. வந்தவன் சட்டையிலும் அதே தயிர்.

"இவன் ரப்தேன். காலையில மடத்துல திபெத்தி படிக்கிறான், சாயங்காலம் நேபாளி. டிசம்பர் வரைக்கும் நம்ம வீட்டுப் பிள்ளை," என்றாள் அம்மா. "பினிதா, அண்ணனைக் கும்பிடு."

அண்ணனா...

கும்பிட்டாள். அண்ணா என்று மட்டும் வாயில் வரவில்லை. அன்றிலிருந்து அவனுக்குப் பெயரே இல்லை. 'இந்தாங்க', 'கேட்டீங்களா', 'டீ ஆறுது'... இவ்வளவுதான்.

மழைக்காலம் முழுக்க அந்த வீட்டில் ஒரு குரல் புதிதாகக் குடியிருந்தது. மாடியறைக்கும் அவள் அறைக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். விடியும்போதே ரப்தேன் திபெத்திய எழுத்துகளைச் சத்தமாக ஒப்பிப்பான். தாத்தா காலத்தில் ஊரைவிட்டுப் பனிமலை கடந்தவர்கள் அவன் குடும்பம். வீட்டில் அப்பா அம்மா திபெத்தியில் பேச, இவன் ஜெர்மனில் பதில் சொல்லியே வளர்ந்தவன். பினிதாவோ அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு கோலி விளையாடியே அந்தப் பேச்சைக் கற்றுக்கொண்டவள்.

"தப்பு," என்பாள் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து. "மூக்கால சொல்லுங்க."

"மூக்கு அடைச்சிருக்கு," என்று பதில் வரும்.

அவன் நேபாளி மெல்ல மெல்ல அரண்மனையை விட்டிறங்கித் தெருவுக்கு வந்துவிட்டது. வெண்ணெய்த் தேநீர் மட்டும் இன்னும் தொண்டையில் இறங்கவில்லை.

"திபெத்திப் பையன், உப்புப் போட்ட டீ குடிக்கத் தெரியல. வெளியில சொல்லாதீங்க," என்று சிரிப்பாள்.

"நீங்க குடிச்சிடுங்களேன். என் பங்கையும்," என்பான்.

அவன் கோப்பையை அவள் வாங்கிக் குடிப்பாள். அவன் உதடு பட்ட கோப்பை என்ற நினைப்பு வரும். சீ, என்ன புத்தி இது என்று தன்னையே திட்டிக்கொள்வாள். மறுநாளும் வாங்கிக் குடிப்பாள்.

மாலையில் அம்மாவும் பினிதாவும் ஸ்தூபியைச் சுற்றப் போனால் அவனும் வருவான். கூட்டத்தில் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே நடப்பது அவளுக்குப் போதுமாக இருந்தது. இன்னும் எத்தனை சுற்று கிடைக்கும் என்று நினைத்தால்தான் நெஞ்சு கனத்தது. டிசம்பரில் விமானம். அதற்கப்புறம் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கும்? பலகை இருக்கும். அவ்வளவுதான்.

ஊர் என்றால் வாய் இருக்கும். பக்கத்து வீட்டு மைலி சித்தி ஒருநாள் அளவு கொடுக்கிற சாக்கில் வந்து, "வயசுப் பொண்ணு இருக்கிற வீடு... மாடியில வயசுப் பையன்..." என்று இழுத்தாள்.

அம்மாவின் கத்தரி துணியில் நின்றது.

"அவன் அவளுக்கு அண்ணன், மைலி. திஹார் பண்டிகைக்கு வந்து பாரு. என் பொண்ணு பொட்டு வைக்கிறதை உன் கண்ணால பாரு."

அன்று சாப்பாட்டின்போது அம்மா அவனிடமே கேட்டுவிட்டாள். "பாபு, எனக்கு ஆண்பிள்ளை இல்ல. ஒவ்வொரு திஹாருக்கும் ஊரெல்லாம் அண்ணன் தம்பிக்குப் பொட்டு வைக்கும்போது இந்த வீடு மட்டும் மூளியா இருக்கும். இந்த வருஷம் பினிதா உனக்கு வைக்கட்டுமா?"

பினிதா சோற்றைப் பிசைந்த கையோடு அப்படியே இருந்தாள். அந்தப் பொட்டின் அர்த்தம் அவனுக்குத் தெரியும், வகுப்பில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். வைத்துவிட்டால் வைத்ததுதான். ஆயுசுக்கும் அண்ணன், ஆயுசுக்கும் தங்கை. யமனே வந்தாலும் அதை அழிக்க முடியாது. மாட்டேன் என்று சொல்லேன்... ஒரு தடவை தலையை ஆட்டேன்...

ரப்தேன் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "என் பாக்கியம் அம்மா."

பாக்கியமாம்.

மறுநாள் காலையிலிருந்து அவனுக்குப் பெயர் கிடைத்துவிட்டது.

"அண்ணா, டீ." "அண்ணா, வெந்நீர்." "அண்ணா, கதவை மூடுங்க, குளிருது."

ஒவ்வொரு அண்ணாவுக்கும் அவன் முகம் ஒரு சுற்றுச் சுருங்கியது. நல்லா சுருங்கட்டும் என்று அவளுக்குத் திருப்தியாக இருந்தது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியதும் அந்தத் திருப்தியே அழுகையாக வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் எழுத்து ஒப்பிக்கும் சத்தமும் நின்றுபோயிற்று.

திஹார் வந்தது. காக்கைக்கு ஒரு நாள், நாய்க்கு ஒரு நாள், பசுவுக்கு ஒரு நாள் என்று எல்லோரையும் கும்பிட்டுவிட்டு, கடைசி நாளில்தான் அண்ணன் தம்பிகளை நினைக்கிற பண்டிகை அது. அம்மா முதல்நாளே வாடாமல்லி மாலை கட்டிவிட்டாள். ஏழு வண்ணப் பொடியும் ஏழு கிண்ணத்தில் வந்துவிட்டது. விடிந்ததிலிருந்து எண்ணெயில் அரிசிமாவு வளையமாகச் செல் ரொட்டி சுடுகிற மணம். அம்மா பாட்டுகூட முணுமுணுத்தாள். அவள் பாடிக் கேட்டு எத்தனை வருஷமாயிற்று...

பினிதாவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"அம்மா, அறுகம்புல் போதாது. வாங்கிட்டு வந்துடறேன்."

"சீக்கிரம் வா. அவனும் மடத்துக்குப் போயிட்டு வர்றேன்னு போயிருக்கான். நல்ல நேரம் தப்பக் கூடாது."

சந்தைத் தாண்டினாள். கால் புல் விற்கிறவளிடம் நிற்கவில்லை. நகரத்துக்குப் போகும் மைக்ரோ பஸ்ஸில் ஏறிவிட்டது.

காத்மாண்டு நடுவே ராணி போக்கரி என்று ஒரு குளம். குளத்துக்கு நடுவே வெள்ளையாக ஒரு கோயில். வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும். இந்த ஒரு நாள் மட்டும் திறப்பார்கள்... உடன்பிறந்தோர் இல்லாதவர்களுக்காக. நெற்றி வெறுமையாக இருக்கக் கூடாது என்று அவர்கள் அங்கே போய்ப் பொட்டு வைத்துக்கொள்வார்கள். பினிதா ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் வெட்கத்தோடு நிற்கிற வரிசை அது. இன்று ஓடிப்போய் நின்றாள். எனக்கு அண்ணன் இல்லை, இல்லவே இல்லை என்று உலகத்துக்குச் சொல்ல அவளுக்கு வேறு இடம் இல்லை.

பாலத்தின் மேல் வரிசை மெல்ல நகர்ந்தது. முன்னால் நின்ற அம்மாள் நகர்ந்ததும், அதற்கு முன்னால் ஒரு முதுகு தெரிந்தது.

அந்த முதுகை அவளுக்குக் கூட்டத்தில் எங்கேயும் தெரியும்.

"நீங்க... மடத்துல இல்ல?"

ரப்தேன் திரும்பினான். திருடும்போது பிடிபட்டவன் மாதிரி நின்றான்.

"நீங்க புல்லு வாங்கப் போகல?"

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"டீச்சர்கிட்ட கேட்டேன்... தங்கச்சி இல்லாதவங்க என்ன செய்வாங்கன்னு. இங்க வரச் சொன்னாங்க."

தங்கச்சி இல்லாதவன். அந்த வார்த்தை காதில் விழுந்ததும் பினிதாவுக்குக் கால் தரையில் இல்லை. ஆனால் நடுவில் நின்ற அம்மாளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது, அதாவது தப்பாகப் புரிந்துவிட்டது.

"உனக்குத் தங்கச்சி இல்லையா பாபு? உனக்கு அண்ணன் இல்லையா பொண்ணே? அப்புறம் என்ன. இந்தக் கோயிலே அதுக்குத்தான இருக்கு. இந்தா, என்கிட்ட ஏழு கலரும் இருக்கு. இங்கயே அவனுக்கு வச்சு விடு, புண்ணியம்." கிண்ணத்தை அவள் கையிலேயே திணித்துவிட்டாள். வரிசையே திரும்பிப் பார்த்தது. "வை, வை," என்றார் பின்னால் ஒருவர்.

எந்தப் பொட்டுக்குப் பயந்து ஓடிவந்தாளோ, அது இங்கேயும் வந்து கையில் உட்கார்ந்துவிட்டது.

அவன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்தக் கண்களில் இப்போது சிரிப்பு இல்லை, கெஞ்சல் இருந்தது. வைக்காதே என்கிறானா... வை என்கிறானா... இத்தனை மாதமாகக் கோப்பை கோப்பையாக விழுங்கியதெல்லாம் அவள் தொண்டைக்கு வந்துவிட்டது.

"என்னால முடியாது," என்றாள் பினிதா, கிண்ணத்தைத் திருப்பி நீட்டி. "இவரை என்னால அண்ணனா நினைக்க முடியல. நினைச்சுப் பார்த்துட்டேன். வரல."

அந்த அம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப இந்த வரிசையில உங்களுக்கு என்ன வேலை? எடத்தை அடைச்சுக்கிட்டு. தள்ளி நில்லுங்க, எங்க நேரம் போகுது."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இருவரும் வரிசையை விட்டு, தண்ணீரோரக் கம்பியருகே போய் நின்றார்கள்.

"அப்ப எதுக்குப் பாக்கியம்னு சொன்னீங்க?" என்றாள் பினிதா.

"மாட்டேன்னு சொன்னா ஏன்னு கேப்பாங்க. ஏன்னு சொன்னா அன்னைக்கே வீட்டை விட்டு அனுப்பிடுவாங்க. ஊருக்குப் போற வரைக்குமாவது... காலையில சுவத்துக்கு அந்தப் பக்கம் உங்க குரல் கேக்குமேன்னு..." அவன் நிறுத்தினான். "பொட்டு வச்சுக்கிட்டாவது இருந்துடலாம்னு நினைச்சேன். இன்னைக்கு அந்த ஏழு கிண்ணத்தையும் பார்த்ததும் முடியல. பினிதா, எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. தயிர் கொட்டின அன்னைக்கிருந்து."

குளத்துத் தண்ணீரில் வெள்ளைக் கோயில் ஆடியது. பினிதா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நிமிர்ந்தால் அழுதுவிடுவாள்.

"டிசம்பர்ல போயிடுவேன்," என்றான் மெல்ல. "படிப்பு முடியணும். திரும்பி வருவேன்னு சொன்னா நம்புவீங்களா?"

"எங்க தெருவுல எல்லா வீட்லயும் யாராவது ஒருத்தர் வர்றேன்னு சொல்லிட்டுப் போனவங்கதான். எங்கப்பாவும்தான்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "காத்திருக்கிறது எங்களுக்குப் பழக்கம். நீங்க வந்தா போதும்."

போன் அடித்தது. அம்மா. பின்னணியில் மைலி சித்தியின் குரலும் கேட்டது.

"புல்லுக்காரி உன்னைப் பார்க்கவே இல்லங்கிறா. மணிச் சத்தம் கேக்குது. ராணி போக்கரியா?"

"...ம்."

"அவனும் அங்கதான் இருக்கானா?"

பினிதா ரப்தேனைப் பார்த்தாள். போனில் எண்ணெய் காய்கிற சத்தம் மட்டும் வந்தது.

"மாலை கட்டும்போதே உன் மூஞ்சியப் பார்த்தேன்," என்றாள் கடைசியில். குரல் உடைந்திருந்தது. "பார்த்தும் கட்டினேன். என் ஆசை எனக்கு. ஒரு நாளாவது இந்த வீட்ல ஒரு பிள்ளை பொட்டுக்குப் பாய்ல உக்காரட்டும்னு..."

"அம்மா..."

"இரு, பேசிக்கிறேன். மகன் வேணும்னுதான் சாமிகிட்ட கேட்டேன். எந்த வழியா வரணும்னு நான் கேக்கல." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "ரொட்டி ஆறுது, ரெண்டு பேரும் வாங்க. சாப்பிட்டதும் அவனை மூட்டையக் கட்டச் சொல்லு. இனி அவன் என் வீட்ல ஒரு ராத்திரி தங்கக் கூடாது." போனை வைத்துவிட்டாள்.

பினிதா போனைக் கையில் பிடித்தபடியே நின்றாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவும் தோன்றவில்லை.

"என்ன சொன்னாங்க?"

"உங்களை வீட்டை விட்டுப் போகச் சொல்லிட்டாங்க."

ரப்தேனின் முகம் வெளுத்துப்போயிற்று. "எனக்குத் தெரியும்," என்றான். "இதுக்குத்தான் நான் பயந்தேன்..."

"முழுசா கேளுங்க." அவள் அழுகைக்கு நடுவே சிரித்தாள். "மகனா இருந்தா மாடியில தங்கலாம். மருமகனாகப் போறவன் கல்யாணத்துக்கு முன்னாடி பொண்ணு வீட்ல தங்குறது எங்க ஊர்ல முறை இல்ல, ரப்தேன்."