ஏழாவது சொல்

புளோரா ஆய்வகத்தின் நீளத்தை மறுபடி நடந்து அளந்தாள். கண்ணாடியைக் கழற்றினாள், மாட்டினாள், திரும்பவும் கழற்றினாள். அவள் கழற்றி என்ன ஆகப்போகிறது? ஊரில் எல்லார் மூக்கின்மேலும் கண்வரி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

கண்வரி என்பது மூக்குக்கண்ணாடியின் அடியோரம் ஓடும் செய்திக் கோடு. ஒரு செய்திக்கு ஏழே சொற்கள்; எட்டாவதைப் பொறி தயவு தாட்சண்யமில்லாமல் நறுக்கிவிடும். எத்தனை பேர் அதை நின்று பார்த்தார்கள் என்று கவனமானி எண்ணும். பத்து லட்சம் பேர் பார்த்த செய்தியை எல்லா நிறுவனங்களும் அன்றைக்கே அமல்படுத்த வேண்டும் என்பது சட்டம். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். ஊர்க் கண்ணுக்கும் இல்லை.

நான்கு வருடம் மூளைகளை ஆராய்ந்த புளோரா அன்று காலை வெளியிட்ட தலைப்பு இது: ‘தூரம் கணிப்பதில் ஆண் மூளைக்கும் பெண் மூளைக்கும் வேறுபாடு இல்லை.’

பாழாய்ப்போன ‘இல்லை’ தமிழில் கடைசியில்தான் வந்து நிற்கும். அது எட்டாவது சொல். ‘வேறுபாடு’ என்பதோடு கண்வரி முடிந்தது. மதியத்துக்குள் நாற்பது லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள்.

தங்கை அமலி அழைத்தாள். புதுத்துறைத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவள்.

“அக்கா, பொம்பளையள எல்லாம் கிரேனை விட்டு எறக்கிட்டாவ. வேறுபாடுன்னா கொறச்சல் பொம்பளைக்குத்தானாம், ஒன் ஆராய்ச்சியே சொல்லுதாம். அஞ்சு மணிக்குள்ள சேதி மாறலேன்னா வேலையே போச்சு. ஒம்போது வருசம்க்கா, ஒரு பெட்டிய இடிச்சிருப்பனா?”

“ஏட்டி, நான் இல்லேன்னுதான எழுதினேன்!”

“அத எவன் பார்த்தான்?”

புளோரா உடனே திருத்தம் போட்டாள்: ‘இல்லவே இல்லை, தூரம் கணிப்பதில் ஆண்பெண் மூளை வேறுபாடு.’ ஏழு சொல், முழுசாக ஓடியது. பதினொரு பேர் பார்த்தார்கள். அதில் ஒருத்தி அமலி. ஒன்றுமில்லை என்கிறவளை யார் நின்று பார்ப்பார்கள்?

மணி நான்கு. உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. விரல்விட்டு எண்ணி எண்ணி எழுதினாள்: ‘தூரம் கணிப்பதில் ஆணைவிடப் பெண் மூளையே ஒருபடி மேல் என்பதற்குச் சான்று இல்லை.’ ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. ஏழாவது சொல் ‘மேல்’. மிச்சத்தைப் பொறி பார்த்துக்கொள்ளும்.

பார்த்துக்கொண்டது. அரைமணியில் அறுபது லட்சம்.

ஐந்தடிக்கச் சில நிமிடம் இருக்கும்போது அமலி மறுபடி அழைத்தாள். குரலில் சந்தோஷத்தைக் காணோம்.

“என்னட்டி, ஏத்திட்டாவளா?”

“ஏத்திட்டாவ. அவுகள எறக்கிட்டாவ.” அவுக என்றால் அவள் புருஷன் லூர்து, பக்கத்துக் கிரேன்காரன். “இனி ஆம்பளைய யாரும் கிரேன்ல ஏறக்கூடாதாம். கீழ நின்னு என்னையவே பாத்துட்டிருக்காவ. நீ பொய்யா எழுதுன?”

அந்தக் கேள்வி புளோராவைச் சுட்டது. திருடி என்று சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். விரல்விட்டு எண்ணக்கூடத் தோன்றாமல் அடித்து அனுப்பினாள்: ‘மேற்படி ஆய்வு குறித்து நான் வெளியிட்ட தலைப்பில் பொய் இல்லை.’

அனுப்பியபிறகுதான் கண்ணாடியை மாட்டினாள். ‘தலைப்பில் பொய்’ என்று முடிந்து ஓடியது கண்வரி. கவனமானி ஒரு கோடியைத் தாண்டியிருந்தது.

“அக்கா, எந்தத் தலைப்பு பொய்யின்னு தெரியலியாம், என்னையும் எறக்கிட்டாவ. ரெண்டு பேரும் கீழதான் நிக்கோம். கப்பல் அப்பிடியே கெடக்கு.”

பதில் சொல்வதற்குள் கதவு திறந்தது. இயக்குநர் நின்றிருந்தார். முகத்தில் கோபமே இல்லை, மரியாதைதான் தெரிந்தது.

“நீங்களா முன்வந்து ஒத்துக்கிட்டீங்க பாருங்கம்மா, அதுக்கே பெரிய மனசு வேணும்,” என்றவர், ஆய்வகச் சாவிக்காகக் கையை நீட்டினார்.